குண்டுக்கட்சியும் முள்கட்சியும்: பீப்பாய் மூக்கு பற்றிய ஒரு விசாரணை

வடகலைக்கும் தென்கலைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், பெரியவர்கள் குரங்கையும் பூனையையும் காட்டுவார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பூனைக் குட்டி சும்மா கிடக்கும், தாய்தான் கவ்விக்கொண்டு போகும். கரையேற ஜீவன் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டுமா, வேண்டாமா என்பதே வழக்கு. இதே வழக்கு அமெரிக்காவில், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் கார் ஷெட்டுகளில் பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. நம் தத்துவ ஆசிரியர்கள் இதை இதுவரை கண்டுகொள்ளவில்லை. அந்தக் குறையை நீக்கவே இவ்வாய்வு.

ஆய்வுப் பொருளை முதலில் பார்த்துவிடலாம். ஐந்து கேலன், அதாவது ஏறக்குறைய 19 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பீப்பாய். ‘கார்னி கெக்’ என்பது செல்லப் பெயர். மினசோட்டா மாநிலத்தின் கார்னீலியஸ் கம்பெனியால் வந்தது. தலையில் முட்டை வடிவ மூடி, அதற்கு இரண்டு பக்கமும் இரண்டு மூக்கு. ஒரு மூக்கு வழியே கார்பன் டையாக்சைடு உள்ளே போகும், மற்றொன்றின் வழியே பியர் வெளியே வரும். மூடி உள்ளிருந்து மேலே எழும்பி அடைத்துக்கொள்ளும் வகை. உள்மூடி குக்கர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுகும். மூடியில் தகராறு கிடையாது. தகராறெல்லாம் மூக்கில்தான்.

மூக்கில் மாட்டும் கனெக்டர் இரண்டு வகை. ‘பின் லாக்’ வகையில் மூக்கின் பக்கவாட்டில் சிறு முட்கள் துருத்திக்கொண்டிருக்கும். கனெக்டரை வைத்து அழுத்தித் திருகினால் அந்த முட்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். பீப்பாயும் தன் பங்குக்குக் கை நீட்டுவதால் இது குரங்குப்பிடி. ‘பால் லாக்’ வகையில் மூக்கு மொழுமொழுவென்று இருக்கும், சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும் ஓடும். கனெக்டருக்குள் வட்டமாக அடுக்கிய குண்டுகள், சைக்கிள் கடையில் ‘பால்ஸ்’ என்பார்களே அதுபோன்றவை, அந்தப் பள்ளத்தில் போய் விழுந்து கவ்விக்கொள்ளும். பீப்பாய் சும்மா நிற்கும். ஐயமில்லாமல் பூனைப்பிடி.

முள்வகை தமிழர்களுக்குப் புதிதல்ல. இரண்டு முள் வைத்த பல்பை ஹோல்டரில் அழுத்தித் திருப்பி மாட்டியே நாம் வளர்ந்தோம். ‘குண்டு பல்பு’ என்று பெயர் வைத்துக்கொண்டு முள்கட்சியில் இருந்த அந்தப் பொருளின் அரசியல் தனி ஆய்வுக்குரியது.

இந்தப் பிரிவினையை உண்டாக்கியவர்கள் பியர்க்காரர்கள் அல்லர். இந்தப் பீப்பாய்கள் முதலில் சோடாக் கடைகளுக்குக் குளிர்பானமும் சிரப்பும் ஏற்றிச் சென்றவை. கோகோ கோலா முள்ளை எடுத்துக்கொண்டது, பெப்சி குண்டை எடுத்துக்கொண்டது. பிறகு அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து சிரப்பு அனுப்பும் முறை வரவே, பீப்பாய்கள் வேலையிழந்து மலிவு விலைக்கு வந்தன. வாங்குவதற்கு ஆளும் தயாராக இருந்தது. 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் வைன் செய்ய அனுமதி கிடைத்தது, பியருக்குக் கிடைக்கவில்லை. ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்ட சட்டம்தான் அதைச் சரிசெய்தது. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013 வரை இழுத்தடித்தது வேறு கதை. ஆக, இரண்டு கோலாக் கம்பெனிகளின் பழைய பாகப்பிரிவினையைத்தான் பியர்க்காரர்கள் இன்றும் தலையில் சுமக்கிறார்கள்.

இனி குணதோஷ விசாரணை. முள்கட்சியின் பெருமை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. வாயு மூக்கில் இரண்டு முள், பியர் மூக்கில் மூன்று முள். மாற்றி மாட்ட நினைத்தாலும் முடியாது. மனிதன் தவறு செய்வான் என்று எதிர்பார்த்தே வடித்த பொருள் இது.

குண்டுக்கட்சிக்கு மனிதன்மேல் நம்பிக்கை அதிகம். இரண்டு மூக்கும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அடையாளமாக வாயு மூக்கின் அடிப்பட்டையில் சிறு வெட்டுகள் இருக்கும், குனிந்து பார்த்தால் தெரியும். கனெக்டர்களில் சாம்பல் நிறம் வாயுவுக்கு, கருப்பு பியருக்கு. ‘காற்றுக்குச் சாம்பல், கள்ளுக்குக் கருப்பு’ என்று மனப்பாடம் செய்யலாம். ஆனால் பீப்பாய் நிற்பது இருட்டான குளிர்பெட்டிக்குள். சனிக்கிழமை மாலை, விருந்தாளிகள் கண்ணாடித் தம்ளரோடு காத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் தடவிப் பார்த்து ஒரு கனெக்டரை வைத்து அழுத்துகிறார். வழக்கத்தைவிடச் சற்று முரண்டு பிடிக்கிறது. இன்னும் பலமாக அழுத்துகிறார். ‘டக்’. மாட்டிக்கொண்டது. மாட்டியது தவறான மூக்கில். இனி கழற்ற வராது. மூடியின் வளையத்தை இழுத்து அழுத்தத்தை முழுதும் இறக்கிவிட்டு, ஸ்பேனர் போட்டு மூக்கையே கனெக்டரோடு சேர்த்துக் கழற்ற வேண்டியதுதான். பூனை கவ்வினால் விடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் முள்கட்சியே மேல் என்று முடித்துவிடலாமா? முடியாது. மூக்கைக் கழற்றிக் கழுவ வேண்டிய நாளில் அதே முள் குறுக்கே நிற்கும். சாதாரண பாக்ஸ் ஸ்பேனர் உள்ளே இறங்காது. முள்ளுக்கு இடம்விட்டு வெட்டிய தனி ஸ்பேனர் வேண்டும். இல்லையென்றால் அரத்தை எடுத்து உட்கார்ந்து ராவ வேண்டும். குண்டுவகை மூடியில் இருக்கும் இழுவளையமும் முள்வகைப் பழைய மூடிகளில் பெரும்பாலும் இல்லை. அழுத்தத்தை இறக்க, வாயு மூக்கின் நடுவில் உள்ள ஊசியை ஸ்குரூ டிரைவரால் குத்த வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு குத்துவது நல்லது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே இல்லை. முள் மூக்கைக் கழற்றிவிட்டு குண்டு மூக்கை மாட்டலாம். ஆனால் திருகு மரை ஒத்துப்போக வேண்டும். கார்னீலியஸ் பீப்பாய்களின் மரை பெரும்பாலும் 19/32 அங்குலம். டயருக்குப் பேர்போன ஃபயர்ஸ்டோன் செய்த பீப்பாய்களில் 9/16. நம் பழைய வாய்ப்பாட்டில் 9/16 என்பது அரையே வீசம். இரண்டுக்கும் வித்தியாசம் அரைவீசம், ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அந்த அரைவீசத்தை அலட்சியம் செய்து முறுக்கினால் மரை போய்விடும்.

உயரத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். குண்டுவகை ஒல்லி, நெட்டை: சுமார் 63 சென்டிமீட்டர். முள்வகை குள்ளம், கொஞ்சம் பருமன்: சுமார் 56. சிறிய குளிர்பெட்டி உள்ளவர் எந்தக் கொள்கை பேசினாலும், கதவு மூட வேண்டுமென்றால் முள்கட்சிக்குத்தான் வந்தாக வேண்டும். தத்துவத்தைக் குளிர்பெட்டி தீர்மானிப்பது புதுமையும் அல்ல.

மதுக்கடைப் பீப்பாய்களுக்கான ‘சாங்கி’ வகை மூன்றாம் சமயம். ஒரே மூக்கு, நெம்புகோல் வைத்த பிடி. அதற்குள்ளும் எழுத்துப் பிரிவுகள்: அமெரிக்காவில் டி, ஐரோப்பாவில் எஸ், கின்னஸுக்கு யு. வீட்டுக்கு இது ஒத்துவராது, கை விட்டுக் கழுவ வாயகன்ற மூடி அதில் இல்லை.

சித்தாந்தம் இதுதான். சிந்தித்துச் செய்த பொருள் முள்வகை. ஜெயித்த பொருள் குண்டுவகை. இன்று புதிதாக வரும் பீப்பாய்களும் சாமான்களும் பெரும்பாலும் குண்டுவகையே. சோடா பாட்டில் வாயில் திருகி வாயு ஏற்றும் சிறு மூடிகூட அந்த மூக்கோடுதான் வருகிறது. புதிதாகத் தொடங்குகிறவர் குண்டையே வாங்கி, பியர் மூக்கில் பளிச்சென்று ஒரு சிவப்பு டேப் சுற்றிக்கொள்ளட்டும். பழைய முள்வகைப் பீப்பாய் நாலைந்து மலிவாகக் கிடைத்தவர் அதையே வைத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டு இரண்டு செட் கனெக்டருக்கும் செலவழிப்பதுதான் வீண்.

இன்னொன்று. பீப்பாயில் இருப்பது 12 பிஎஸ்ஐ அளவு அழுத்தம்தான், கார் டயரில் பாதிகூட இல்லை. ஆனாலும் வாயு ஒழுகினால் விடிவதற்குள் சிலிண்டர் காலி. எந்தக் கட்சியானாலும் ஒழுகுவது ரப்பர் வளையத்தில்தான். ஆகவே மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். பழைய பீப்பாய் வாங்கினால் ஐந்து வளையங்களையும், மூடிக்கு ஒன்று, மூக்குகளுக்கு இரண்டு, உள்குழாய்களுக்கு இரண்டு, முதலில் மாற்றிவிடுங்கள். முன்பு அதில் ரூட் பியர் என்ற சோடா இருந்திருந்தால், மூட்டுவலித் தைலம் போன்ற அதன் வாசனை ரப்பரில் ஊறியிருக்கும். எத்தனை வெந்நீர் ஊற்றினாலும் போகாது.