கேஷுவால்டிக்குத் தாமதமாக வந்து சேர்வது எப்படி?

மாவட்டத் தலைமை மருத்துவமனையின் கேஷுவால்டியில் நைட் ட்யூட்டி பார்ப்பவன் என்ற தகுதியில் இந்தக் கையேட்டை எழுதுகிறேன். நேரத்துக்கு வந்து சேர்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஈ.சி.ஜி. எடுப்போம், ஊசி போடுவோம், வார்டுக்கு ஏற்றுவோம், சில நாளில் பழத்தட்டுடன் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தாமதமாக வருவதற்குத்தான் திறமை வேண்டும். குடும்பத்தின் ஒத்துழைப்பும் அக்கம்பக்கத்து அனுபவசாலிகளின் ஆலோசனையும் வேண்டும்.

முதலில் நெஞ்சுவலி. ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சில் பாரமாக இருக்கிறது, இடது கை கடுக்கிறது என்று அப்பா சொல்கிறார், சட்டை வேர்வையில் நனைந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லவேண்டியது: கேஸ். சாயங்காலம் அவர் சாப்பிட்ட வாழைக்காய் பஜ்ஜியை உடனே சாட்சிக்கு இழுங்கள். ஓமத் தண்ணீர் கொடுங்கள். அது கேட்காவிட்டால் சோடா, அதுவும் கேட்காவிட்டால் ஜெலுசில். இடையில் ஓர் ஏப்பம் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது. "பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல?" இப்போது வலி குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்திருக்கிறது என்பார். ஆறு பேர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது மனுஷன் வேறு என்ன சொல்வார்? பிறகு படுக்கவைத்துவிட்டு, பொழுது விடியட்டும் என்று காத்திருங்கள். இதயத் தசைக்குக் கடிகாரம் தெரியும் என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் செய்கிற வேலையைப் பத்து மணி நேரம் கழித்துச் செய்வதில்லை.

சர்க்கரை நோயாளி வீட்டில் இருந்தால் உங்களுக்கு வேலை இன்னும் சுலபம். அவருக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். மூச்சு வாங்கும், வேர்க்கும், அவ்வளவுதான். அதற்கு "வயசாயிடுச்சு" என்று பெயர் வைத்துவிடலாம்.

மனம் மாறிக் கிளம்பினாலும் பதற்றம் வேண்டாம், தாமதிக்க வழி இருக்கிறது. மூன்று மாடிப் படியையும் அவரையே இறங்கி வரச் சொல்லுங்கள். இரண்டு மகன்களுக்கு நடுவில் பைக்கில் உட்காரவையுங்கள். 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் இலவசமாக ஓடுகிறது. உள்ளே ஆக்சிஜன் உண்டு, பயிற்சி பெற்ற ஆள் உண்டு. இருந்தாலும், "அது வர்றதுக்குள்ள நாமளே போயிடலாம்." வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் திரும்பியும் பார்க்காதீர்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் டோஸ் மாத்திரைகளை அங்கேயே கொடுத்து அனுப்பத்தான் 2023-ல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாத்திரையோடு வருபவருக்கு என்னிடம் பாதி வேலை குறைந்துவிடுகிறது. அப்புறம் நான் எதற்கு?

பாம்புக்கடிக்கு வருகிறேன். இந்தத் துறையில் நம் மக்களின் கற்பனை வளத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பாம்பு கடித்தால் முதல் வேலை பாம்பைப் பிடிப்பது. கடிபட்டவர் ஓரமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும். ஊர்ப் பையன்கள் டார்ச்சும் கம்புமாக வைக்கோல் போரைக் கலைக்கட்டும். எப்படியும் முக்கால் மணி நேரம் போகும். அகப்பட்டதை அடித்து, உரச் சாக்கில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, நோயாளிக்கு முன்னால் என் மேசைமேல் வைக்கவும். மேசைமேல் வைத்த பிறகு அசைகிற சாக்குகளும் உண்டு. அப்போது எங்கள் சிஸ்டர் ஸ்டூல்மேல் ஏறும் வேகத்தைப் பார்க்கவாவது நீங்கள் ஒரு நைட் ட்யூட்டிக்கு வரவேண்டும்.

எனக்கு அந்தப் பாம்பால் பெரிய உபயோகம் இல்லை. நம் பக்கம் ஆளைக் கொல்வதில் முன்னால் நிற்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். இமை கீழே தொங்கினால் பெரும்பாலும் நல்ல பாம்போ கட்டுவிரியனோ என்று கண்ணே சொல்லிவிடும். ரத்தத்திடமும் கேட்போம்: சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்ப்போம்; உறையாமல் தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியனின் விஷம் இறங்கியிருக்கிறது. உயிரோடு பாம்பு தேவைப்படும் இடம் வேறு, அது வடநெம்மேலி. அங்கே இயங்கும் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கியது. விஷத்தை எடுத்துக்கொண்டு பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். மருந்துக் கம்பெனிகள் விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து எடுக்கின்றன. குதிரையிடமிருந்து வந்த மருந்து என்பதால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஏற்றுகிறோம்.

பாம்பைப் பிடித்தாகிவிட்டதா? அடுத்து கயிறு. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுங்கள், மனம் ஆறாவிட்டால் அதற்கு மேலே இன்னொன்று. சணல், துப்பட்டா, அரைஞாண் எதுவானாலும் சரி, கால் நீலமாக வேண்டும். பிறகு பிளேடு. ரத்தம் உறையாத ஒருவருக்கு பிளேடால் கீறிவிட்டால் அந்த ரத்தத்தை நிறுத்துவதே எனக்கு இன்னொரு ராத்திரி வேலை.

மந்திரிப்பவரிடம் போகாமல் வந்தால் கையேட்டின் மரியாதை கெட்டுவிடும். அவருடைய வெற்றிக் கணக்கைக் குறைத்து மதிப்பிடவேண்டாம். கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப் பாம்பேகூடச் சில நேரம் பல்லை மட்டும் பதித்துவிட்டு விஷத்தை இறக்காமல் போய்விடும். சாரைப் பாம்பு கடித்தவரை யார் மந்திரித்தாலும் பிழைத்துக்கொள்வார். கட்டுவிரியன்தான் மந்திரிப்பவரின் பெயரைக் கெடுக்கும். தரையில் படுத்துத் தூங்குபவரை நடுராத்திரியில் கடிக்கும். பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடிகாலை வயிற்றுவலி என்பார், கண் திறக்கவில்லை என்பார். தூக்கக் கலக்கம் என்று சொல்லி மோர் கொடுப்பீர்கள். என்னிடம் வரும்போது மூச்சு பாதியில் நிற்கும்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்து. இது எல்லோருக்கும் தெரியும், நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் அது எப்படி 'வேலை செய்கிறது' என்று பலருக்குத் தெரியாது. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் கீழே விழுந்து, கூட்டம் கூடி, "இரும்பு, இரும்பு" என்று சத்தம் போட்டு, யாரோ சைக்கிள் சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிக்கவும் அதே இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பெயர் சாவிக்குப் போய்விடும். நான் இந்தச் சாவியை வெறுப்பதில்லை. கண் முன்னால் ஒருவர் வெட்டி வெட்டி இழுக்கும்போது கை சும்மா இருக்காது, அதற்கு ஒரு வேலை வேண்டும். சாவி அந்தக் கைக்கான மருந்து. ஓமத் தண்ணீரும் கயிறும் மந்திரிப்பவரின் வேப்பிலையும்கூட அப்படித்தான், பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் முதலில் குணமாகிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணி பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டினால் 108-க்குப் போன் செய்வதில் அந்தத் திருப்தி கிடைக்காதுதான். ஸ்பூனை மட்டும் மன்னிக்கமாட்டேன். நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று பல்லுக்கு நடுவே ஸ்பூனைச் செருகி, முன்பல் இரண்டை உடைத்துக் கையில் கொண்டுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

சாலை விபத்துக்கு அதிகம் எழுதவேண்டியதில்லை, நாமெல்லாம் கைதேர்ந்தவர்கள். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டுங்கள். முழங்கை உடைந்தால் ஆர்த்தோவில் கம்பி வைத்துச் சரிசெய்துவிடலாம். எனவே அதைத்தான் பத்திரமாகக் காப்பாற்றவேண்டும். போலீஸ்காரர் தெரிந்தால் 1,000 ரூபாய்க்காகத் தலைக்கு ஏற்றுங்கள், தாண்டியதும் டேங்க்மேல் இறக்குங்கள். ஏற்றினாலும் தாடைப் பட்டையை மாட்டாதீர்கள். விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமுமாகப் போகவேண்டும்.

விழுந்தவரைச் சுற்றி நிற்பவர்களுக்கு: முதலில் வீடியோ. பிறகு சோடா. நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் அது வயிற்றுக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். அப்புறம் ஒருவர் கையையும் ஒருவர் காலையும் பிடித்து, கழுத்து தொங்க, ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போடுங்கள். அதற்கும் தயக்கமா, போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டும் என்று பயமா? அந்தப் பயத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். உதவி செய்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று ஒரு பிரிவே வந்ததும், பெயர் சொல்ல விருப்பமில்லையென்றால் சொல்லாமலே போகலாம் என்பதும் காதில் விழாத மாதிரி இருந்துவிடுங்கள். அடிபட்டவரின் சொந்தக்காரர்கள், பணம் புரட்ட ஊருக்குப் போன் செய்துகொண்டே ஒரு மணி நேரம் ஓட்டலாம். முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்துவிட்டது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும் என்று யாராவது குறுக்கே சொன்னால், "அதெல்லாம் பேப்பர்லதான் சார்" என்று சொல்லி அடக்கிவிடுங்கள்.

ஆம்புலன்ஸ் வந்தால் வழிவிடாமல் இருப்பது பழைய முறை, 10,000 ரூபாய் அபராதம். வழிவிட்டுவிட்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போவதுதான் இப்போது பழக்கம்.

தாமதிக்கும் கலையில் நோயாளிகள் மட்டுமே வல்லவர்கள் என்று சொல்லிவிட்டால் என் சகாக்கள் கோபித்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் ஒரு பத்தி. நெஞ்சுவலியோடு ஒருவர் உங்கள் நர்சிங் ஹோமுக்கு வந்தால் முன்பணத்தைக் கேளுங்கள். அவசரத்தில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை, சம்பிரதாயம் எல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொன்ன பரமானந்த் கட்டாரா வழக்கை ஹவுஸ் சர்ஜன் காலத்தில் பரீட்சைக்குப் படித்ததோடு சரி. டிரிப்ஸ் ஒன்று ஏற்றி, முன்பணம் தீரும்வரை 'அப்சர்வேஷன்' வைத்து, நிலைமை முற்றியதும் அதிகாலை இரண்டு மணிக்கு ஜி.எச்.சுக்கு அனுப்புங்கள். கூடவே ஒரு கடிதம் வேண்டும். போன வாரம்கூட ஒன்று வந்தது. பளபளப்பான லெட்டர்பேட், அதில் மூன்று டாக்டர்களின் பட்டங்கள், கீழே ஒன்றரை வரிக் கிறுக்கல். அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்களா, போட்டிருந்தால் எத்தனை மணிக்கு? எனக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான். மருந்து என்ற கட்டமும் நேரம் என்ற கட்டமும் காலியாக இருந்தன. லெட்டர்பேடில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். நாலாவது முறை ரிசப்ஷனில் இருந்த பையன் எடுத்தான்.

"டாக்டர் படுத்துட்டாரு சார். எதா இருந்தாலும் காலைல பத்து மணிக்கு மேல கூப்பிடுங்க."