அரை கம்மி

எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு லாபக்காய் என்றால் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் காய் எண்ணினால் அதற்கு மேல் இத்தனை என்று வியாபாரி சும்மா எடுத்துக்கொள்வான். திட்டிக்கொண்டேதான் கொடுக்கிறோம். ஆனாலும் அந்த வியாபாரிக்கு ஒரு கூச்சம் உண்டு. எண்ணிய கூலியை நம்மிடம் கேட்க மாட்டான்.

ஆங்கிலத் தேர்வுக்காரர்களுக்கு அந்தக் கூச்சமும் கிடையாது. ஆள் வேண்டும் என்று கேட்பது அவர்கள் தேசம். அளக்கிற படி அவர்களுடையது. அளந்த கூலி மட்டும் நம்முடையது, தலைக்கு ஆயிரக்கணக்கில். அளந்த அளவும் இரண்டே வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு உங்கள் ஆங்கிலம் ஊசிப்போய்விடும். எங்கள் ஆத்தா போட்ட நார்த்தங்காய் ஊறுகாய் அதைவிட நாள் தாங்கியது.

ஐயெல்ட்ஸ் என்ற தேர்வுக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர். பிரிட்டிஷ் கவுன்சில், கேம்பிரிட்ஜ், ஆஸ்திரேலியாவின் ஐடிபி. இந்த ஐடிபிக்கு இன்னொரு தொழிலும் உண்டு. பிள்ளைகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிட்டு அங்கே கமிஷன் வாங்குவது. தரகும் தராசும் ஒரே கையில். நம்மூர் மண்டியில் இப்படி ஒருவன் கடை போட்டால் சங்கம் கூடி விரட்டிவிடும். 2021ல் பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் நடத்திவந்த ஐயெல்ட்ஸ் தொழிலை ஐடிபி விலைக்கு வாங்கியது. விலை 13 கோடி பவுண்டு. நம் பிள்ளைகள் ஆங்கிலம் திக்கித் திக்கிப் பேசுவதற்கு மார்க்கெட்டில் அவ்வளவு மதிப்பு.

மதிப்பெண் போடும் அழகைப் பாருங்கள். கேட்பதில் 40 கேள்வி, ஒலிநாடா ஒரே ஒரு முறைதான் ஓடும். தும்மினால் போயிற்று. படிப்பதில் 40 கேள்வி. எழுதுவதில் ஒரு வரைபடத்தைப் பார்த்து 150 சொல், பிறகு ஒரு விவகாரத்தைப் பற்றி 250 சொல். பேசுவதற்குப் பதினோரு நிமிஷத்திலிருந்து பதினாலு நிமிஷம். நான்கையும் கூட்டி நான்கால் வகுப்பார்கள். கால் வந்தால் அரையாக ஏறும், முக்கால் வந்தால் முழுசாக ஏறும். ஆகா, தாராளம் என்று நினைக்காதீர்கள். மொத்தத்தில் ஏழு வாங்கினாலும், எழுத்தில் தனியாக இவ்வளவு வேண்டும் என்று அந்தப் பக்கம் இன்னொரு கதவு இருக்கும். அரை கம்மி என்றால் மறுபடியும் பணம் கட்டு.

அந்த 250 சொல்லில் நீங்கள் சொன்ன கருத்து சரியா தப்பா என்பது யாருக்கும் கவலையில்லை. கேட்டதற்குப் பதில் வந்ததா, கோர்வையாக வந்ததா, சொல்வளம் எப்படி, இலக்கணம் எப்படி, அவ்வளவுதான். பேச்சுக்கும் இதே மாதிரி நான்கு கட்டம். அறிவுக்குக் கட்டம் இல்லை, உண்மைக்கும் இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்து அம்மணி நர்சிங் முடித்தவள். நாலு வருஷமும் பாடம், பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில்தான். கோயமுத்தூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள், பெயர் வேண்டாம். நான் கூடப் போயிருந்த அன்றைக்கு அவளுக்கு வந்த சீட்டு, 'நீங்கள் பார்த்த ஓர் ஆற்றைப் பற்றிப் பேசுங்கள்'. யோசிக்க ஒரு நிமிஷம், பேச இரண்டு நிமிஷம். அவள் நொய்யலைச் சொன்னாள். வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தெளிவாகக் கிளம்பி, பேரூர் தாண்டி, ஊர்ச் சாக்கடையைச் சுமந்து, திருப்பூர் சாயத்தை வாங்கிக்கொண்டு போவதைச் சொன்னாள். நடுவே மூச்சு முட்டியது, சாயத்துக்குச் சொல் தேடி நின்றாள். உண்மையைப் பேசினால் அப்படித்தான் நிற்கும். பயிற்சியாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஏம்மா இந்த வம்பு? தேம்ஸ்னு சொல்லு. தண்ணி பளிங்கு மாதிரி இருந்துச்சு, மனசு லேசாச்சுன்னு சொல்லிட்டுப் போ. நீ போனயா இல்லையான்னு அவன் கேக்கப்போறானா?"

அவர் சொன்னது சரிதான், கேட்க மாட்டான். தேம்ஸைப் பார்க்காதவள் தேம்ஸுக்குப் போவதற்காகத் தேம்ஸைப் பார்த்ததாகப் பொய் சொல்ல வேண்டும், அதுவும் தங்குதடையில்லாமல். இதற்குப் பெயர் மொழித்திறன்.

1835ல் மெக்காலே எழுதிய குறிப்பிலிருந்து இங்கே ஆங்கிலப் படிப்புதான் படிப்பு. அதற்காக எல்.கே.ஜி.யிலேயே பிள்ளையைத் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளியில் சேர்த்து, காட்டை அடமானம் வைத்தவர்கள் நாம். ஆனால் பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்களில் இன்ன நாட்டுக்காரர் ஆங்கிலத்தை நிரூபிக்க வேண்டாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மால்ட்டா இருக்கிறது, ஜமைக்கா இருக்கிறது. இருக்கட்டும், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இருநூறு வருஷம் பாடம் நடத்தியவனுக்கே தன் மாணவன் பாஸா என்று சந்தேகம். அப்படியானால் பெயில் ஆனது யார்?

மனிதன் திருத்தினால்தான் பாரபட்சம், இயந்திரம் திருத்தட்டும் என்றார்கள். பிடிஇ என்ற தேர்வு அப்படி வந்ததுதான். 2017ல் ஆஸ்திரேலியாவில் ஓர் அயர்லாந்துப் பெண், கால்நடை மருத்துவர், தாய்மொழியே ஆங்கிலம், இரண்டு பட்டம். பேச்சில் 79 வேண்டும், இயந்திரம் 74 போட்டது. இயந்திரத்தில் கோளாறில்லை என்று கம்பெனி சாதித்தது. வெள்ளைக்காரம்மாவுக்கே அந்தக் கதி என்று நம்மாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாதி வரைக்கும்.

மீதிச் சிரிப்பு 2014ஐ நினைத்தால் வராது. லண்டனில் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை பிபிசி காட்டியது. களவு நடந்தது நிஜம். உடனே தேர்வை நடத்திய அமெரிக்க நிறுவனம், தான் நடத்திய சுமார் 58,000 தேர்வுகளில் 97 விழுக்காடு சந்தேகத்துக்குரியது என்று கணக்குக் கொடுத்தது. நூற்றுக்கு மூன்று பேர்தான் யோக்கியர்கள். அந்தக் காகிதத்தை நம்பி பிரிட்டிஷ் அரசு ஆயிரக்கணக்கான விசாக்களை ரத்து செய்தது. வகுப்பறையில் இருந்தவனை நாடு கடத்தினார்கள். வழக்காடிக் குற்றமில்லை என்று நிரூபித்தவர்களுக்குப் போன வருஷங்களை எந்தக் கோர்ட்டும் திருப்பித் தரவில்லை.

அளந்தவர்களின் தப்புக்கோ வேறு நியாயம். 2023 ஆகஸ்டிலிருந்து 2025 செப்டம்பர் வரை சிலருக்குத் தப்பான மதிப்பெண் போய்விட்டது என்று ஐயெல்ட்ஸே ஒப்புக்கொண்டது. நூற்றில் ஒன்றுக்கும் குறைவாம், தொழில்நுட்பக் கோளாறாம். நம் பிள்ளைக்கு அரை குறைந்தால் தகுதிக் குறைவு. இரண்டு வருஷம் அவர்கள் படி குறைந்தால் கோளாறு.

அம்மணிக்கு ஆறரை வேண்டிய இடத்தில் ஆறு வந்தது. அவள் அப்பா செய்தி கேட்டுக் களத்துமேட்டிலிருந்து நேராக வந்தார், கையில் பாக்குக் கறையோடு.

"ஏனுங், அந்த அரையத் திரும்ப எடை போடச் சொல்லலாமுங்களா?"

"போடலாங்க. பணம் கட்டோணும். ஏறுச்சுன்னா திருப்பிக் குடுத்துருவாங்க."

"யாருங் போடறது?"

"வேற ஆளுங்க. அதே கம்பெனிதான்."

கொஞ்ச நேரம் வெள்ளியங்கிரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப லாபக்காய் எத்தனைனு கேட்டுச் சொல்லுங்."