நாலாவது எழுத்து

"'இன்னும் ரெண்டு மணி நேரத்துக்குள்ள'ன்னு போட்டிருக்கே, எந்த வருஷத்து ரெண்டு மணி நேரம்?"

எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் காலை 6.40க்கு வந்து விழுந்த குரல்பதிவு இது. முந்தின ராத்திரி மூன்றாம் வீட்டு அம்மா ஒரு கைக்குழந்தையின் படத்தைப் போட்டிருந்தார். மூக்கில் குழாய். கீழே இதய ஆபரேஷன், ஒரு வங்கிக் கணக்கு எண், பகிராதவர்களுக்கு இதயமே இல்லை என்று ஒரு சாபம். பன்னிரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். இரண்டு பேர் அழுதிருந்தார்கள். பணம் போட்டதாக ஒருவரும் சொல்லவில்லை என்றாலும் தெருவே உருகிக் கிடந்தது. காலையில் கியூசி சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். உருகினதெல்லாம் உறைந்து போயிற்று.

அடுத்த குரல்பதிவில் தீர்ப்பு வந்தது. இதே குழந்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறு பெயரில், வேறு மாநிலத்தில், கல்லீரல் வியாதியோடு இருந்திருக்கிறது. படத்தைக் கூகுளிடம் காட்டி ஜாதகம் கேட்கும் வித்தையைப் பேரன் சொல்லிக்கொடுத்ததிலிருந்து தெருவில் யாரும் நிம்மதியாக இரக்கப்பட முடிவதில்லை.

எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு. ஆனால் எங்கள் மேனாம்பேட்டில் விளைகிற ரகம் தனி. மண்வாகு அப்படி. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது முதல் இந்தச் சுற்று வட்டாரத்தில் வீட்டுக்கு ஒரு டர்னர், ஒரு ஃபிட்டர், ஒரு வெல்டர். அத்தனை பேர் செய்ததையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உதட்டைப் பிதுக்கி, சிவப்பு அட்டை கட்டித் தள்ளிவைக்க ஒருவர் வேண்டுமே. நம் கியூசி சார் முப்பத்தோரு வருஷம் அந்தத் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்தார். எஸ்டேட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனி, இன்கமிங் இன்ஸ்பெக்ஷன். வார்ப்படம், புஷ், போல்ட் என்று வெளியிலிருந்து வாசலுக்கு வந்த எதுவும் அவருடைய வெர்னியரைத் தாண்டித்தான் உள்ளே போகும். ரிட்டயர் ஆன அன்று வெர்னியரைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது. பார்வையைத் திருப்பி வாங்க மறந்துவிட்டது.

அந்தப் பார்வை வேலையில் இருக்கும்போதே ஓவர்டைம் பார்த்தது. அம்பத்தூரிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில் ஒருவர் ஒன்றும் பேசாமல் எல்லோர் மடியிலும் ஒரு மஞ்சள் அட்டையை வைத்துக்கொண்டே போவார், திரும்பி வரும்போது அட்டையையும் காசையும் சேர்த்து எடுப்பார், ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் அட்டையைப் படித்துவிட்டு எட்டணா வைப்பார்கள், இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். கியூசி சார் அட்டையைப் புரட்டிப் பார்ப்பார். "அச்சடிச்ச பிரஸ் பேர் இல்லையே" என்பார். எட்டணாவும் வைப்பார். அவரைப் பற்றி மற்றவர்கள் கதை சொல்லும்போது இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடுவது வழக்கம். நானும் நிறைய தடவை விட்டிருக்கிறேன்.

இப்போது அட்டைகள் போனுக்குள் வந்து விழுகின்றன. ஒவ்வொன்றையும் அவர் ஒரு லாட் மாதிரி வாங்கி வைத்துச் சோதிக்கிறார். முதல் சோதனை ரசீது. "80ஜி குடுப்பாங்களா? 10பிஇ படிவம் வருமா?" நன்கொடை வாங்குகிற அமைப்பு யார் யாரிடம் எவ்வளவு வாங்கியது என்று வருமான வரித் துறைக்குக் கணக்குக் காட்டி, கொடுத்தவருக்கு 10பிஇ சான்று தர வேண்டும் என்பது 2021-22 நிதியாண்டிலிருந்து உள்ள விதி. இதில் வேடிக்கை, நம்மவருக்கு வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே கிடையாது. அப்படியே இருந்தாலும் புதிய வரி முறையில் 80ஜி கழிவு இல்லை என்று அவர் பையன் பெங்களூரிலிருந்து விளக்கிப் பார்த்தான். "கழிவுக்காகவாடா கேக்கறேன்? ஒழுங்குக்காகக் கேக்கறேன்" என்று பதில் போயிற்று.

இரண்டாவது சோதனையில்தான் தெரு முழுக்க அவருக்குப் பெயர். பான் எண்ணில் நாலாவது எழுத்தைப் பார்ப்பார். டி என்றால் டிரஸ்ட், ஏ என்றால் நாலு பேர் கூடிய சங்கம், சி என்றால் கம்பெனி, பி என்றால் தனி ஆள். பெயர்ப் பலகையில் 'அன்னை' என்றும் 'கருணை' என்றும் இருக்கும், கீழே கொடுத்த பான் எண்ணில் நாலாவது எழுத்து பி என்று இருக்கும். "அன்னை இல்லைங்க, அண்ணன்" என்று குழுவில் எழுதுவார். இந்த ஒரு எழுத்தை வைத்தே அவர் சிவப்பு அட்டை கட்டிய லாட்டுகள் ஏராளம். தெருவில் பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்குத் தனிமவரிசை அட்டவணை தெரியாது, இது தெரியும்.

மூன்றாவது, ஒரு ரூபாய். யுபிஐயில் எண்ணைப் போட்ட உடனே வங்கியில் பதிவான பெயர் திரையில் வந்துவிடும். அதைப் பார்த்தால் போதும். இவருக்குப் போதாது. "சாம்பிள் எடுக்காம லாட்டைப் பாஸ் பண்ணுவாங்களா?" என்று ஒரு ரூபாய் அனுப்பிவைப்பார். இப்படி இதுவரை அறுபத்து மூன்று அமைப்புகளின் கணக்கில் ஆளுக்கு ஒரு ரூபாய் வரவாகியிருக்கிறது. அறுபத்து மூவர் என்று அவர் மனைவி இதைச் சொல்வார். அதில் ஓர் அமைப்பு, 'எங்கள் அன்புக் கொடையாளரே' என்று வருஷா வருஷம் இவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறது. அந்த நாள் மட்டும் அவர் குழுவில் எதுவும் எழுதுவதில்லை.

சும்மா கிண்டல் செய்துவிட்டுப் போக முடியாத மனிதர். 2020 மார்ச் கடைசியில் பிரதமர் பெயரில் கொரோனா நிதி தொடங்கிய கையோடு, உண்மையான யுபிஐ முகவரியில் 'பிஎம்கேர்ஸ்' என்று இருந்ததில் கடைசி 'எஸ்'ஸை மட்டும் விழுங்கிவிட்டு ஒரு போலி உலவியது. டெல்லி போலீஸ் கண்டுபிடித்து முடக்கவைத்தது. ஒரே ஓர் எழுத்து. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, முதலமைச்சர் நிவாரண நிதிக்கான க்யூஆர் கட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று கேரள அரசே அதை எடுத்துவிட நேர்ந்தது. எங்கே பிணம் கிடக்கிறதோ அங்கே முதலில் வருவது ஆம்புலன்ஸா, க்யூஆர் கட்டமா என்று சொல்ல முடியாத காலம். அந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு பைசா கூடத் தப்பான இடத்துக்குப் போகவில்லை என்றால் அதற்குக் காரணம் இவர்தான். சரியான இடத்துக்கும் தாமதமாகத்தான் போயிற்று, அதற்கும் இவர்தான் காரணம்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே முறை. கல்யாணத்தில் சோறு மிஞ்சினால் 1098க்குப் போன் போடுங்கள், வந்து எடுத்துப்போய் ஏழைக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள் என்று ஒரு செய்தி பல வருஷமாகச் சுற்றுகிறதே, அதை யாரோ மறுபடி போட்டார்கள். 1098 என்பது 1996இல் மும்பையில் தொடங்கி நாடெங்கும் பரவிய குழந்தைகள் உதவி எண். ஆபத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கானது. சோறு எடுக்க வருவது எங்கள் வேலை இல்லை என்று அவர்களே பல தடவை சொல்லிவிட்டார்கள். கியூசி சார் அன்று குரல்பதிவு போடவில்லை, நேரே அந்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். "அடி வாங்கின குழந்தை ஒண்ணு அந்த நம்பருக்குக் கூப்பிடறப்போ, லைன்ல உங்க வீட்டு மிஞ்சின சாம்பார் நிக்கும். பரவாயில்லையா?" அந்த வீட்டுக்காரர் செய்தியை அழித்தார். அன்றைக்கு மீந்த சாம்பாரை இவருக்கே ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினார்.

ஒரு நாள் மாலை டீக்கடையில் கேட்டேன். "80ஜி இருக்கு, நிதி ஆயோக்கோட தர்பண்ல பதிவு இருக்கு, பான்ல டி இருக்கு, எல்லாம் பாஸ். அப்புறமும் ஏன் சார் யோசிக்கிறீங்க?" கியூசி சார் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காற்றில் ஒரு கேஜைப் பிடித்தார். "கோ, நோ-கோ கேஜ் பாத்திருக்கீங்களா? கோ முனை உள்ளே போவணும், நோ-கோ முனை போவக் கூடாது. அப்ப துவாரம் சரின்னு அர்த்தம். இரும்பு நல்ல இரும்பான்னு கேஜுக்கு எப்படித் தெரியும்?" பதிவு எண் என்பது பதிவு செய்த அத்தாட்சிதான், வாங்கின காசு சோறாகிறதா என்று எந்த இலாகாவும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை என்றார். இரும்பைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும் என்று டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கிளம்பிவிடுவார். 1983இல் வித்யாகர் தொடங்கிய உதவும் கரங்கள் திருவேற்காட்டில்தானே இருக்கிறது, அங்கே போய் வந்த கதையை மட்டும் மூன்று தவணையாகச் சொல்வார். போன இடத்தில் கணக்குக் கேட்டாரா என்றால் இல்லை. "சமையல்கட்டைப் பாத்தேன், போதும்" என்றார்.

இவ்வளவு சூரரும் ஆடி மாசத்தில் ஆடிப்போவார். கூழ் ஊற்ற நோட்டுப் புத்தகத்தோடு பையன்கள் வருவார்கள். அந்த நோட்டில் பதிவு எண் இல்லை, பான் இல்லை, தலைவர் பெயரே வருஷத்துக்கு ஒன்று. "போன வருஷக் கணக்கு?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "கூழ் குடிச்சீங்கல்ல சார், அதான் கணக்கு" என்றான் ஒருவன். 500 ரூபாய் எழுதினார். எக்ஸ்எல் ராத்திரியெல்லாம் தெருவில்தானே நிற்கிறது.

யாசகம் எடுத்த காசைச் சேர்த்து 2020இல் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் கொரோனா நிவாரணத்துக்குப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பல முறை கொடுத்தாரே பூல்பாண்டியன், அந்தச் செய்தியைக் கியூசி சாரின் மனைவி உரக்கப் படித்தபோது நான் அங்கே இருந்தேன். கியூசி சார் வழக்கம்போல, "ரசீது வாங்கினாராமா?" என்றார். அம்மா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவர் தட்டுல போட்டவங்க யாரும் ரசீது கேக்கலைங்களே."

போன மழைக்காலத்தில் எங்கள் தெருமுனை இஸ்திரிக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. கியூசி சார்தான் ஆட்டோ பிடித்துக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்த்தார். ஆபரேஷனுக்குச் செலவு இல்லை. பிரச்சினை அதற்கு அப்புறம். மூன்று மாதம் நிற்க முடியாது. நிற்காமல் இஸ்திரி போட முடியாது. வாடகை, அரிசி, பெண்ணின் கல்லூரி பஸ் பாஸ். கியூசி சார் ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து குழுவில் ஒரு செய்தி எழுதினார். மொத்தம் 36,000 ரூபாய் வேண்டும், பணத்தை என் நம்பருக்கே அனுப்பலாம் என்று முடிந்தது அது.

ஒரு நிமிஷம் அமைதி. பிறகு மாடி வீட்டு ஐடி பையன் எழுதினான்: "சார், எஸ்டிமேட் இருக்கா?"

"ஆபரேஷன் இலவசம் தம்பி. எஸ்டிமேட் கிடையாது."

"அப்ப எதுக்கு சார் பணம்?"

"சாப்பாட்டுக்கு."

"பில் வருமா சார்?" சிரிக்கிற பொம்மை ஒன்றும் கூட வந்தது. கியூசி சார் எழுதுகிறார், எழுதுகிறார் என்று திரையில் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஒன்றும் வரவில்லை. பிறகு மூன்றாம் வீட்டு அம்மா எழுதினார். அந்த அம்மா இரண்டு வருஷமாக இதற்காகவே காத்திருந்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"சார், உங்க பான்ல நாலாவது எழுத்து என்ன?"

இந்த முறை பதில் உடனே வந்தது. "பி."

நான் அப்போது அவர் வீட்டுத் திண்ணையில் இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, போனைப் பார்த்தேன். டிங் என்றது. ஒரு ரூபாய் வரவு. டிங். இன்னொரு ஒரு ரூபாய். வரிசையாக வந்தது, மாடி வீட்டிலிருந்து, மளிகைக் கடையிலிருந்து, பேசிக்கொள்ளாத எதிர் வீட்டிலிருந்து. தெரு மொத்தமும் சாம்பிள் எடுத்துக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் பேரனுடைய பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ரசீது எண் 1 என்று தொடங்கி, ரூபாய் ஒன்று மட்டும், ரூபாய் ஒன்று மட்டும் என்று எழுதத் தொடங்கினார். இருபத்தாறு ரசீது எழுதியபோது போன் மறுபடி டிங் என்றது. மூன்றாம் வீட்டு அம்மா, 999.

"அதே ரசீதுல ஒண்ணை ஆயிரமா திருத்திடுங்களேன் சார்" என்றேன்.

"ரெண்டு என்ட்ரி, ரெண்டு ரசீது" என்றார். எண்ணால் எழுதிவிட்டு, எழுத்தால் எழுதும் இடத்தில் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தொள்ளாயிரத்துக்கு எந்த 'ளா' சார்?"