ஞாயித்துக்கிழமைக் கலைஞன்

உன்ற படமெல்லாம் பாத்தேன் கண்ணு. உங்கம்மா போன்ல தள்ளித் தள்ளிக் காட்டுனா. மைசூர் அரண்மனை வெளக்குப் போட்டு நிக்குது, நல்லாத்தான் இருக்குது. ஏறக்குறைய ஒரு லட்சம் பல்பு எரியறப்ப எவன் எடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். அந்தப் படத்துக்கு வர்ற பேருல பாதி கரண்டு பில்லு கட்டறவனுக்குப் போகோணும். ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா அவிய வெளக்குப் போடறாங்க, நீயி மூணுகால் குச்சியத் தூக்கிட்டு ஓடறே. அங்க உன்னையாட்டம் எத்தனை குச்சி நிக்குதுன்னு ஒருவாட்டி பின்னால திரும்பி எடுத்திருந்தீன்னா, அந்தப் படம் வேற எவங்கிட்டயும் இருந்திருக்காது.

கோவிச்சுக்காதே. அப்புச்சிக்கு ஒரு கண்ணுல புரை வுழுந்து எல்லாம் பொகமூட்டமாத்தான் தெரியுது. அதையே நீ 'பிளர்'னு சொல்லிக் காசு வாங்கறே. எங்கிட்ட டாக்டர் அதுக்கு ஆப்பரேசன்னு சொல்லிக் காசு கேக்கறாரு.

அப்பறம் என்னென்ன பாத்தேன்? தேவராஜ மார்க்கெட்டுல குங்குமத்தைக் கோபுரமாக் குமிச்சு வெச்சிருக்கறது. ரங்கனதிட்டுல வாயப் பொளந்துட்டுக் கெடக்கற முதலை. சோமநாதபுரம் கோயில், 2023ல யுனெஸ்கோக்காரங்க பட்டியல்ல சேத்ததுல இருந்து அதுக்கு மவுசு கூடிப்போச்சாம். இதெல்லாம் 'கிரியேட்டிவ்'ங்கறே. கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனா மட்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு 'வேலை'ங்கறே. வேலையில வர்ற காசை ஞாயித்துக்கிழமை வாடகை லென்ஸ் தின்னுபோடுது. உங்கம்மா நீ இளைச்சுட்டேன்னு அழுகறா. லென்ஸு நெம்பக் கொழுத்திருச்சுன்னு அவளுக்குத் தெரியலை.

உன்ற மைசூர்லயே ஒரு மனுசன் இருந்தாரு, டி.எஸ். சத்யன்னு. 1923ல அங்கயே பொறந்து, மகாராஜா காலேஜுல படிச்சு, 2009ல அங்கயே கண்ணை மூடுனவரு. டெக்கான் ஹெரால்டு, இல்லஸ்ட்ரேட்டட் வீக்லினு பத்திரிகையில இருந்தாரு. பொறவு மாசச் சம்பளத்தை வுட்டுப்போட்டு உன்னையாட்டம் தனிக்கட்டையா நின்னு, லைப், டைம், நியூஸ்வீக் வரைக்கும் படம் தாட்டிவுட்டவரு. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காதே. நீ வாங்கிட்டு வந்து பிரிக்காமப் போட்டுட்டுப் போன அவரு புத்தகம் 'அலைவ் அண்ட் கிளிக்கிங்' பரண் மேல கெடந்தது. உன்ற தங்கச்சி படிச்சுச் சொன்னா, நான் வெத்தலை இடிச்சுக்கிட்டே கேட்டேன்.

அவரு பெரியம்மையை ஒழிக்கறப்ப உலகச் சுகாதார நிறுவனத்துக்காகப் படம் எடுத்தாரு. யுனிசெப்புக்காகக் கொழந்தைகளை எடுத்தாரு. 1979 உலகக் கொழந்தைகள் வருசம், நியூயார்க்குல ஐ.நா. தலைமையகத்துலயே அந்தப் படங்களை மாட்டி வெச்சாங்க. அதுக்கு முன்னாலயே, 1977ல, பத்மஸ்ரீ. இப்ப நல்லாக் கேட்டுக்க: அம்மைப் படமும் கூலிக்கு எடுத்தது, கொழந்தைப் படமும் கூலிக்கு எடுத்தது. இது வேலை, இது கலைன்னு அவரு ரண்டு பை வெச்சுக்கிட்டு அலையலை. அந்தக் காலத்துச் சதுரப்படக் கேமராவுல ஒரு ரோலுக்கு 12 படந்தான், சின்ன ரோலுன்னா 36. நீ தாலி கட்டறதுக்குள்ள ஒரு கார்டை நெரப்பிப்போட்டு, 'செலெக்சன் முடியலை அப்புச்சி'ன்னு ஆறு மாசம் கழிச்சுச் சொல்றே. அதுக்குள்ள பொண்ணு மசக்கையாயிருது.

தசராவுக்கும் போனே. அபிமன்யு யானை 750 கிலோ அம்பாரியத் தூக்கிட்டு வர்றது; அதே எடத்துல நின்னு பத்திரிகைக்காரன் அத்தனை பேரும் அதையேதான் எடுத்தான். காட்டு முகாம்ல இருந்து யானைகளோட மாவுத்தன், அவனுக்கு ஒத்தாசையா இருக்கற காவாடி குடும்பமும் பொடுசுகளோட வந்து அரண்மனை வளாகத்துலயே கொட்டாய் போட்டுத் தங்குமே, அதைப் பாத்தயா? அந்தப் புள்ளைகளுக்கு அங்கயே தற்காலிகமாப் பள்ளிக்கூடம் நடக்கும். பக்கத்துல யானை குளிக்கறப்ப எந்தப் புள்ளை வாய்ப்பாடு சொல்லும்? சத்யனா இருந்தா அங்கதான் சம்மணம் போட்டு உக்காந்திருப்பாருன்னு நெனைக்கறேன். உனக்கு அன்னைக்கு 'கோல்டன் ஹவர்' தப்பிப் போயிரும்னு அவசரம்.

காட்டுக்குப் போறேன்னு வேற மெரட்டறே. கிருபாகர், சேனானின்னு மைசூர்க்காரங்க ரண்டு பேரு படம் எடுக்கக் காட்டுலயே கெடந்தவங்கதான். 1997ல வீரப்பன் அவிய ரண்டு பேரையும் பெரிய சர்க்கார் ஆளுங்கன்னு நெனைச்சுத் தூக்கிட்டுப் போயி 14 நாள் வெச்சிருந்தான். வந்து அதையே புத்தகமா எழுதிப்போட்டாங்க. அதுக்கும் அசராம வருசக்கணக்கா செந்நாய் பின்னாலயே அலைஞ்சு படம் எடுத்து, பெரிய பரிசெல்லாம் வாங்குனாங்க. எங்க தொட்டகாஜனூர்ல 2000ல அதே வீரப்பன் கன்னட நடிகர் ராஜ்குமாரைத் தூக்குனப்ப தாளவாடியே நடுங்குச்சு, அப்ப நீயி தொட்டில்ல. உன்னைத் தூக்கியிருந்தான்னா, சார்ஜ் போடப் பிளக்கு எங்கன்னு நீ கேக்கற கேள்விக்கே ரண்டாம் நாள் பஸ் ஏத்தி வுட்டிருப்பான்.

கொக்கரே பெல்லூர்ப் படந்தான் எனக்குப் புடிச்சது. அதுலயும் ஒரு குறை. மத்தூர்ப் பக்கம் அந்த ஊர்ல நாரையும் கூழைக்கடாவும் ஊட்டுக்கு நடுவால இருக்கற புளியமரத்துலதான் கூடு கட்டும். பிரசவத்துக்கு வந்த மகளாட்டம்னு சொல்லி ஊரே அதுகளைப் பாத்துக்கும். புளி உலுப்பாம வுட்டவங்களுக்கு வனத்துறை கொஞ்சம் காசு குடுக்குது. எச்சமெல்லாம் வயக்காட்டுக்கு உரம். உன்ற படத்துல நாரை இருக்குது, வானம் இருக்குது. மரம் யாரூட்டு மரம்? கீழ மொறத்தை வெச்சுக்கிட்டுத் தலையில எச்சம் வுழுகாமப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற கெழவி எங்க? 'கிளீன் பேக்ரவுண்டு அப்புச்சி'ங்கறே. கெழவி அழுக்கா?

அந்த நாரை றெக்கை விரிக்கறதுக்கு நீ மூச்சு வுடாம அரை நாள் காத்துக் கெடந்தயாமா. கல்யாணத்துல பொண்ணோட அப்பனுக்கு அரை நிமிசம் குடுக்க மாட்டீங்கறே. அவன் மேடைக்குப் பின்னால சமையக்காரனுக்குக் காசு எண்ணிக் குடுத்துட்டு, துண்டுல மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டு, மேடையேறி வந்து சிரிப்பான் பாரு. அது வருசத்துக்கு ஒருக்கா வலசை வர்றதில்லை, அந்த மனுசனுக்கு ஆயுசுக்கே ஒருக்காத்தான் வரும். அந்நேரம் நீ மாப்பிள்ளை ஷூவுக்குப் பக்கத்துல மோதிரத்தை வெச்சு எடுத்துக்கிட்டிருக்கறே. கல்யாணத்துக்கு முன்னால பலமுரி அருவித் தண்ணிக்குள்ள சோடிய நிக்க வெச்சு 'இன்னுங் கொஞ்சம் பின்னால போங்க'ன்னு கத்தறே. பாறை வழுக்குது, அவன் பயந்து பொண்ணு கையப் புடிக்கறான். அதைத்தான் கண்ணு எடுத்திருக்கோணும். நீ 'ஒன் மோர்'ங்கறே.

காசு விசயம் ஒண்ணு. 'நாளெ கொடுத்தீனி சார்', நாளைக்குத் தர்றேன்னு மைசூர்ல எவனாவது சொன்னா, அந்த நாளை எந்தக் காலண்டர்லயும் தேடாதே. பாதி முன்பணம் வாங்காமப் பையத் தொறக்காதே, மீதி வாங்காம ஆல்பத்தைக் குடுக்காதே. சொந்தக்காரன்னா முழுசும் முன்னாலயே வாங்கிப்போடு.

உனக்கு வெக்கமா இருக்கும்னு நானே ஆரம்பிச்சு வெச்சிருக்கறேன். மேக்கால ஊட்டுக்காரரு பேத்திக்கு அடுத்த மாசம் சீரு. எம்பேரன் மைசூர்ல பெரிய போட்டோக்காரன், நாரையெல்லாம் சொன்ன பேச்சுக் கேக்கும்னு சொல்லிப் பேசி முடிச்சுட்டேன். முன்பணமும் வாங்கியாச்சு. அதைக் கேக்காதே, ஆட்டுக்குப் புண்ணாக்கு எறக்கிட்டேன். மீதிய ஆல்பம் குடுக்கறப்ப நீ வாங்கிக்க. கெழவிகளை வுட்டுப்போடாதே, காசு குடுக்கறது அந்த ஊட்ல ஆத்தாதான்.