கீழ்க்கணக்கு

கார்த்திகைச் சோமவாரத்தில் உபவாசம் இருப்பவர்களையும், மண்டல விரதம் பூண்டு மலைக்குப் போய் வருகிறவர்களையும், காசியில் கத்திரிக்காயை விட்டுவிட்டு வந்து ஆயுள் முழுவதும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களையும் நாம் அறிவோம். ஆனால் ஜனவரி மாதம் முதல் தேதியன்று விடியற்காலையில் ஸ்நானம் செய்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, காபியைக் குடித்தானதும் கைப்பேசியை எடுத்து, "இந்த வருஷம் நூறு புஸ்தகம்" என்று முன்பின் பார்த்திராத முந்நூறு பேர் சாட்சியாகச் சங்கல்பம் செய்துகொள்கிறவரின் விரதத்துக்கு நம் பெரியவர்கள் பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். அந்த விரதத்தை நாலு வருஷமாக வழுவாமல் அனுஷ்டித்து வருகிற மகானுபாவர் ஒருவர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார். அவரைச் சவால் வாசகர் என்றே இங்கே குறிப்பிடுகிறேன். பெயரைச் சொன்னால் அவருக்கு ஆட்சேபம் இராது. பெயருக்குப் பக்கத்தில் எண்ணிக்கையையும் போடச் சொல்வார் என்பதுதான் சங்கடம்.

விரதத்தின் நியமங்கள் எளியவை. ஒரு புஸ்தகத்தை முடித்ததும் அதன் பெயர், ஆசிரியர், பக்கம், எடுத்துக்கொண்ட நாள் ஆகிய நான்கையும் அந்த முந்நூறு பேர் குழுவில் பதிய வேண்டும். பதிந்த மாத்திரத்தில் கைகூப்பும் சின்னங்களும் கைதட்டும் சின்னங்களும் பங்குனி மாதத்து இலவம்பஞ்சு போல் வந்து விழும். இது தவிர, சோழி விளையாட்டுக்குக் கட்டம் போடுவது போல ஒரு கட்டமும் உண்டு: மொழிபெயர்ப்பு ஒன்று, பெண் எழுதியது ஒன்று, தாம் பிறப்பதற்கு முன் வெளிவந்தது ஒன்று, தலைப்பில் நிறம் உள்ளது ஒன்று என்று நிரப்பிக்கொண்டே வர வேண்டும். நிறத்துக்குச் சவால் வாசகர், தி. ஜானகிராமனின் 'செம்பருத்தி'யை வைத்தார். அது பூவல்லவா, நிறமாகுமா என்று ஒருவர் ஆட்சேபணை எழுப்ப, இவர் பள்ளிக்கூடத்தோடு மறந்திருந்த நன்னூலைத் தேடியெடுத்து, செம்மை கூட்டல் பருத்தி, ஈறு போதல் என்றெல்லாம் பதம் பிரித்துக் காட்டிக் கட்டத்தைக் கைப்பற்றினார். அந்த நாவலில் என்ன இருந்தது என்று நான் பிற்பாடு கேட்டேன். "புணர்ச்சி விதிதான் சார் காப்பாத்துச்சு" என்றார்.

அவர் புஸ்தகம் வாங்கும் அழகை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துக் கண்காட்சியில் கூடவே நின்று பார்த்திருக்கிறேன். நீங்களும் நானும் முதலில் அட்டையைப் பார்ப்போம். பிறகு விலையைப் பார்த்து, யாரும் கவனிக்காதபடி இருந்த இடத்தில் வைப்போம். அவர் முதலில் கடைசிப் பக்கத்தைத் திருப்புவார். துப்பறியும் கதையாயிருந்தாலும் அதில் யார் கொலைகாரன் என்பது அவர் கண்ணில் படாது. அடியில் உள்ள எண் மட்டும் படும். அச்சகத்தில் பதினாறு பதினாறு பக்கங்களாகத்தான் ஃபாரம் போடுகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டவராதலால், 96, 112, 128 என்கிற எண்களை, நல்ல நாள் பார்க்கிறவர் பஞ்சாங்கத்தில் அமிர்தயோகத்தைத் தேடுவது போலத் தேடுவார். 112 அகப்பட்டால் முகம் மலரும். 640 என்று ஒன்று எதிர்ப்பட்டால், கடன் கொடுத்தவனை எதிரே கண்டாற்போல, அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். ஐந்து பாகமும் ஒரே பெட்டியில் அடுக்கி வைத்திருந்த 'பொன்னியின் செல்வன்' முன்னால் மட்டும் சற்று நின்றார். அதை ஒன்று என்று கொள்வதா, ஐந்து என்று கொள்வதா என்பது பற்றிக் குழுவில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1950-ல் 'கல்கி'யில் தொடங்கி 1954 வரை வாராவாரம் தபால்காரனின் மணியோசைக்குக் காத்திருந்து படித்த ஜனங்களுக்கு இப்படி ஒரு வியாஜ்யம் தோன்றியிருக்குமா என்று நான் சொன்னேன். "மூணரை வருஷத்துக்கு ஒரு புஸ்தகமா? இங்க கடைசி இடந்தான் சார் கிடைக்கும்" என்று அவர் அந்தத் தலைமுறைக்காக மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்.

காலையில் நடக்கப் போகும்போது காதில் ஒலிநூல், அதுவும் இரட்டை வேகத்தில். கதையில் வரும் கும்பகோணத்து மனிதர்கள் அத்தனை பேரும் ரயிலைத் தவறவிடப் போகிறவர்களைப் போலப் பேசுகிறார்கள் என்று நான் குறை சொன்னதற்கு, 1931-ல் சீர்காழி ரங்கநாதன் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதுதானே என்று என் வாயை அடைத்தார். நூலகத்தில் புஸ்தகத்தைத் தேடும் நேரத்தைத்தான் அந்த மேதை நினைத்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் தெருக்கோடியைத் தாண்டிவிட்டார்.

அவருடைய ஞாபகசக்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். புஸ்தகங்களைப் பெயரால் அவர் நினைவு வைத்துக்கொள்வதில்லை. பெரிய குடும்பத்துத் தகப்பனார் பிள்ளைகளை மூத்தவன், நடுவுள்ளவன், கடைக்குட்டி என்று அழைப்பதைப் போல எண்ணால் அழைக்கிறார். 'ஒரு புளியமரத்தின் கதை' எப்படி இருந்தது என்றால், கண்ணை மூடிக்கொண்டு, "நாப்பத்தொண்ணு. மே மாசம். ரெண்டே நாள்" என்பார். அந்த வழக்கம் வீட்டு அம்மாளுக்கும் தொற்றிவிட்டது. ஒரு நாள் மாடியிலிருந்து கருகல் வாசனை வரவே, என்னவென்று கேட்டேன். "அடுப்பைப் பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டுக் கோயிலுக்குப் போனேன் அண்ணா. அறுபத்திரண்டாவதுல பருப்பு தீஞ்சுபோச்சு. அம்பத்தேழுல பால் பொங்கி வழிஞ்சுது. நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்றார்.

என்ன சொல்வது? எண்ணிப் படிப்பது இவர் கண்டுபிடித்த அக்கிரமம் அன்று. பாகவதத்தின் பதினெண்ணாயிரம் சுலோகத்தையும் ஏழே நாளில் முடிக்கிற சப்தாகம் என்ற ஏற்பாடு இந்தத் தேசத்தில் வெகு காலமாக உண்டு. என் பாட்டி சுந்தரகாண்டத்தின் அறுபத்தெட்டு சர்க்கத்தையும் நாளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பாராயணம் செய்து, ஓர் ஆவர்த்தி முடிந்ததும் சமையலறைக் கதவின் பின்புறம் மஞ்சளால் ஒரு கோடு இழுப்பாள். அவள் காலமானபோது கதவில் கோடு போட இடமில்லை. அன்பரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, மறுவாசிப்புக்குக் குழுவில் கணக்கில்லை என்றும், ஆகையால் பாட்டியின் ஆயுட்காலத் தொகை ஒன்று என்றும் வருத்தத்தோடு தெரிவித்தார்.

இத்தனையும் சொல்கிற நான் யோக்கியன் அல்லேன். சென்ற வருஷம் அவருடைய வற்புறுத்தலுக்கு இணங்கி, 2007-ல் அமெரிக்காவில் ஒரு தம்பதி ஆரம்பித்து 2013-ல் அமேசான் வாங்கிக்கொண்ட குட்ரீட்ஸ் என்பதில், இருபத்து நான்கு என்று அடக்கமாக ஓர் இலக்கை எழுதி வைத்தேன். ஜூன் மாதக் கடைசியில், 'ஐந்து புஸ்தகம் பின்தங்கியிருக்கிறீர்' என்று அது எனக்குச் சொல்லிற்று. வட்டிக் கடைக்காரன்கூட வாசலில் நின்று ஒரு தடவை கனைத்துவிட்டுத்தான் இப்படிச் சொல்வான். அப்போது நான் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' படித்துக்கொண்டிருந்தேன். இளம் சாமிநாதையர் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போய்ச் சேரும் இடத்தை மூன்றாம் முறையாகத் திரும்பப் படித்த சுகத்தில் இருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அதை மூடி வைத்துவிட்டு, எண்பது பக்கத்தில் ஏதாவது கிடைக்குமா என்று அலமாரியைத் துழாவினேன்.

டிசம்பர் மாதத்தில் மாடியில் நள்ளிரவு வரை விளக்கு எரிந்தது. முப்பத்தொன்றாம் தேதி காலையில் அன்பரின் கணக்கு தொண்ணூற்றைந்து. அவருக்குப் பதற்றமே இல்லை. "பதினெண் கீழ்க்கணக்கு இருக்கே சார்" என்றார். சங்கம் மருவிய காலத்துப் புலவர்கள் இத்தகைய ஒருவர் பிற்காலத்தில் பிறந்து ஆண்டுக் கடைசியில் தவிக்கப்போகிறார் என்பதை உத்தேசித்தே செய்தார்களோ என்று ஐயுறும்படி, கார் நாற்பது, களவழி நாற்பது, இன்னா நாற்பது, இனியவை நாற்பது என்று நாலு தனி நூல்களை நாற்பது நாற்பது பாட்டில் முடித்து வைத்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குள் நான்கும் முடிந்தன. அவற்றில் இன்னாதது எது, இனியது எது என்று அவரால் சொல்லியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். ஆனாலும் தொண்ணூற்றொன்பது ஆகிவிட்டது. நூறாவதுக்கு, பத்துப்பாட்டில் எல்லாவற்றிலும் சிறியதான முல்லைப்பாட்டை ஒதுக்கி வைத்திருந்தார். பத்தும் சேர்ந்து ஒரே புஸ்தகம், 1889-ல் சாமிநாதையரவர்கள் அப்படித்தானே பதிப்பித்தார்கள் என்று ஒருவர் குறுக்கே கட்டை போட்டிருந்ததையும், முல்லைப்பாட்டுக்கென்று தனிப் புலவர் உண்டல்லவா என்று வாதாடி, முன்கூட்டியே தீர்ப்பு வாங்கி வைத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் கீழே இறங்கி வந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நெற்றிக்கு இட்டிருந்தது, கைப்பேசி கையில் இல்லை.

"நூறு ஆயிற்றா?" என்றேன்.

"தொண்ணூத்தொம்பது சார். நூத்தி மூணே வரி. பத்தரைக்கு ஆரம்பிச்சேன். அரை மணிக்கு மேல ஆகாதுன்னு கணக்கு. அந்தக் கன்னுக்குட்டிகிட்ட மாட்டிக்கிட்டேன்."

முல்லைப்பாட்டில், போருக்குப் போன அரசன் திரும்புவானா என்று அறிய, மாலை நேரத்தில் முதிய பெண்கள் ஊர்ப்புறத்துக் கோயிலில் நெல்லும் முல்லைப்பூவும் தூவிவிட்டு, யார் வாயிலிருந்தாவது நல்வார்த்தை விழாதா என்று காத்து நிற்கிறார்கள். ஓர் இடைச்சிப் பெண், குளிரில் நடுங்கித் தோள்மேல் கைகளைக் கட்டிக்கொண்டு, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றுகளைப் பார்த்து, உங்கள் அம்மாமார்கள் இதோ வந்துவிடுவார்கள் என்கிறாள்.

"அவ கன்னுக்குட்டிகிட்ட சொல்றா சார். அவளுக்கு ராஜாவும் தெரியாது, சண்டையும் தெரியாது. அதைக் கேட்டுட்டுப் போய் இவங்க ராணிகிட்ட சொல்றாங்க. சரியாத்தான் படிச்சேனான்னு மறுபடி முதல்லேருந்து பார்த்தேன். அப்புறம் இன்னொரு தடவை. தெருவுல வெடி வெடிச்சப்பத்தான் பன்னண்டு ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது."

"மன்னிப்பு கேட்டுப் பார்க்கக் கூடாதா?"

"முடிச்ச தேதிதான் கணக்கு சார்" என்று சொல்லிவிட்டு, கன்றுகளைப் பற்றி இன்னும் ஏதோ சொல்ல வந்தவர் போலச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு எழுந்து மாடிக்குப் போனார்.

இந்த வருஷத்துக்கு அவர் இலக்கு நூற்றிருபது. பட்டியலில் முதல் புஸ்தகம் முல்லைப்பாட்டு, ஆசிரியர் நப்பூதனார், எடுத்துக்கொண்ட நாள் இரண்டு.