கழற்றியவர்கள் சரித்திரம்

தண்ணீருக்குத் துளை போட்ட இடத்தில் நிலக்கரி வந்த ஊர் நெய்வேலி. இங்கே பிறந்தவன் "பிளக்கை மட்டும் துடைத்து மாட்டிவிடுகிறேன்" என்று உட்கார்ந்து, கடைசியில் இன்ஜினையே இறக்கி வைத்தால் அவனைக் குறை சொல்லக் கூடாது. ஊரின் ஜாதகம் அப்படி.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் குழாய்க்கிணறு இறக்க, நீரோடு கறுப்பாக ஏதோ சேர்ந்து வந்தது. நாமாக இருந்தால் கிணறு போட வந்தவரிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டிருப்போம். முதலியார் அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் விடவில்லை. பிற்பாடு நிலத்தையும் எடுத்துக் கொடுத்தார். 1956ல் நெய்வேலி நிலக்கரிக் கார்ப்பரேஷன் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுப் போனார். கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில். நடுவில் நாலு வருஷம் மேலே கிடந்த மண்ணை அள்ளினார்கள். அள்ள அள்ளக் கீழேயிருந்து ஊற்று முட்டியது. அதை ராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்தார்கள். ஒரு கோளாறைத் தேடி மூடியைத் திறந்தால் அதற்கு முன்னால் வேறொரு கோளாறு வழியை மறித்துக்கொண்டு நிற்கும் என்பது கார்புரேட்டரில் கை வைத்த எவருக்கும் தெரிந்த விதி. மத்திய அரசு அதை ஐந்தாண்டுத் திட்டச் செலவில் கற்றுக்கொண்டது.

சுரங்கத்துக்கான ராட்சதச் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. முழுசாக ஓட்டிக்கொண்டா வர முடியும்? துண்டு துண்டாகக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. அனல்மின் நிலையத்துக்கு ரஷ்யர்கள் வந்தார்கள். அவர்களோடு நின்று வேலை பழகிய ஃபிட்டர்கள், டர்னர்கள், வெல்டர்கள் எல்லோருக்கும் வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுத்தார்கள். வராந்தா, முன்னால் கொஞ்சம் இடம், ஒரு மாமரம், ஒரு கொய்யா. இத்தனை ஃபிட்டர்களுக்கு இத்தனை நிழலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நகரியத்தை வரைந்தவர்கள் யோசிக்கவில்லை. இவர்கள் வண்டியை மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போவது, கல்யாணச் சமையல்காரர் வீட்டுக்கு ஓட்டலிலிருந்து பார்சல் வாங்கிப் போவது மாதிரி. ஊர் என்ன பேசும்?

ஆகவே வார விடுமுறை என்றால் வராந்தாவில் சாக்கு விரிந்தது. சாக்கின் மேல் ஒரு புல்லட் பிரிந்தது.

புல்லட்டின் பூர்வ கதையே பிரித்து மாட்டிய கதைதான். 1955ல் இங்கிலாந்தின் ரெடிச் கம்பெனியும் நம்மூர் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. முதலில் வண்டி அங்கிருந்து உதிரி உதிரியாகப் பெட்டியில் வந்தது, இங்கே மாட்டினார்கள். பட்டாளமும் போலீசும் வாங்கிக்கொண்டன. பிறகு திருவொற்றியூரில் முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். 1970 வாக்கில், அனுப்பி வைத்த ரெடிச் கம்பெனி கடையைக் கட்டியது. மாட்டிப் பழகிய மெட்ராஸ்காரன் மட்டும் மாட்டிக்கொண்டே இருந்தான், 1977ல் அதே வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யவும் ஆரம்பித்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன சாமான்களில் நாம் அவனுக்கே திருப்பி விற்றது அநேகமாக இது ஒன்றுதான்.

ஆனால் போகும்போது அவன் ஒரு பழியைத் தீர்த்துவிட்டுத்தான் போனான். பழைய புல்லட்டின் மரைகள் பல இஞ்சுக் கணக்கு. சுரங்கத்தில் ஜெர்மன்காரனின் மில்லிமீட்டர், வீட்டுக்கு வந்தால் இங்கிலீஷ்காரனின் இஞ்ச். "டேய், அந்தப் பதினாலு பதினஞ்சு ஸ்பானரை எடு" என்று அப்பா கேட்பார். பதினாலு நுழையாது, பதினஞ்சு வழுக்கும். எடுத்துக் கொடுத்த பையனுக்குத் திட்டு விழும். இப்படி இரண்டாம் உலகப்போரின் இரு தரப்புக்கும் நடுவில் கிடந்து வளர்ந்த பிள்ளைகள் நெய்வேலியில் ஏராளம்.

பாயின்ட் டைமிங் பார்ப்பது இன்னொரு திருவிழா. பாயின்ட் இடுக்கில் மெல்லிய சிகரெட் தாளைச் செருகி இன்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். தாள் லேசாக நழுவும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம். உலகெங்கும் மெக்கானிக்குகள் கையாண்ட முறை, தப்பே சொல்ல முடியாது. சிகரெட்டை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த எத்தனையோ குடும்பத் தலைவர்களின் டூல்ஸ் பெட்டியில் அதனால் ஒரு பாக்கெட் நிரந்தரமாக இருந்தது. "ஏங்க, தாளுக்கு ஒரு சிகரெட் போதாதா?" என்று கேட்ட மனைவிகளுக்கு டைமிங்கின் நுட்பம் விளக்கப்பட்டது.

டீசல் புல்லட் என்று ஒன்று உண்டு. பம்ப் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் ஓடிக்கொண்டிருந்த கிரீவ்ஸ் லம்பார்டினி டீசல் இன்ஜினைத் தூக்கி புல்லட் சட்டத்தில் யாரோ புண்ணியவான் உட்கார வைத்தான். வடக்கே பட்டறைகளில் இது பரவ, கம்பெனியே அந்த யோசனையை எடுத்துக்கொண்டு 'டாரஸ்' என்று ஒரு வண்டி விட்டது. 325 சி.சி., ஆறரை குதிரைத் திறன். மணிக்கு அறுபத்தைந்தைத் தொடுவதற்குள் ஓட்டுபவரின் பல் ஆடும். ஆனால் மைலேஜ் அள்ளிக் கொடுத்தது, நம் ஜனங்கள் பல்லை விட்டுக்கொடுத்தார்கள்.

இந்தக் கழற்றும் குலத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு மூலவர் இருக்கிறார். கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்த ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முகத்தில் மணலை வீசிவிட்டுப் படிப்புக்கு முழுக்குப் போட்டவர் என்று கதை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார், பார்த்ததும் பித்துப் பிடித்தது. அந்த வயசில் பித்துப் பிடிக்கும் மற்ற பையன்கள் அப்பாவிடம் போய் அழுவார்கள். இவர் கோயம்புத்தூருக்குப் போய் ஓட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இட்லித் தட்டு தூக்கிக் காசு சேர்த்து அந்த ரட்ஜை விலைக்கு வாங்கினார். முந்நூறு ரூபாய் என்பார்கள். சரி, வாங்கியாயிற்று. ஏறி ஊர் சுற்றி, நாலு பேர் வாயைப் பிளப்பதைப் பார்த்து ரசிக்க வேண்டியதுதானே? வீட்டுக்குக் கொண்டுபோய் மொத்தத்தையும் கழற்றிப் போட்டார்.

அந்த வீட்டுப் பெரியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். பையன் எச்சில் தட்டு எடுத்துச் சம்பாதித்த பணம் தரையில் நட்டும் போல்ட்டுமாகப் பரவிக் கிடக்கிறது. கையேடு கிடையாது, யூடியூப் கிடையாது, சந்தேகம் கேட்கச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு மோட்டார் சைக்கிள்கூட அனேகமாகக் கிடையாது. அதை அவர் திரும்ப மாட்டினார் என்பதைத்தான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எத்தனை நட்டு மிச்சம் விழுந்தது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. சரித்திர ஆசிரியர்களுக்கு எது முக்கியம் என்று எப்போதுமே தெரிந்ததில்லை.

1920ல் நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றைப் பஸ் விட்டார், ஓட்டியதும் அவரே. பிறகு பஸ் கம்பெனி, சவர ரேசர், 1937ல் மின்மோட்டார் என்று போய்க்கொண்டே இருந்தார். 1950களில் அரசின் வரி மேல் கோபம் வந்தபோது, தாம் செய்த சாமான்களை ஊரறியத் தாமே உடைத்தார். கழற்றும் கலையில் அது கடைசிப் படி, ஸ்பானருக்குப் பதில் சம்மட்டி.

நெய்வேலியின் பொற்காலம் என்று நான் சொல்வது 1985க்குப் பிறகு, யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்த காலத்தை. 98 சி.சி., பதினோரு குதிரை, எடை கொஞ்சம். அப்பாக்களின் புல்லட்டை அப்பாக்கள் பிரித்துக்கொண்டிருக்க, பிள்ளைகளுக்கு இது கிடைத்தது. டூ-ஸ்ட்ரோக் வண்டி எண்ணெயையும் சேர்த்து எரிப்பதால் சைலன்சர் குழலில் கரி பிடிக்கும். வால் பக்கம் ஒரே ஒரு போல்ட், அதைக் கழற்றிக் குறடால் இழுத்தால் உள்குழல் கையோடு வரும். அந்தக் கரியை நெருப்பில் காட்டி எரிக்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் இதற்கு அல்லாடியபோது நெய்வேலி வீடுகளில் லெக்கோ அடுப்பு இருந்தது. பழுப்பு நிலக்கரியை அச்சில் அழுத்தி, புகை போகச் சுட்டு, கார்ப்பரேஷனே விற்ற கரிக்கட்டி. ஒருமுறை பற்றிக்கொண்டால் புகையில்லாமல் நிதானமாகக் கணகணவென்று கிடக்கும். அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் சாம்பார் இறங்கும், சைலன்சர் குழல் ஏறும். பேரிங் கழற்றவும் அதே அடுப்புதான். அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும். கிராங்க் கேஸைச் சூடாக்கினால், சுத்தியலுக்கு மசியாத பேரிங் தானாக 'டொக்'கென்று விழும். அன்றைய ரசத்தில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் வாசனை ஏன் என்ற கேள்விக்கு, "புது லெக்கோம்மா" என்பது பல வட்டங்களில் ஒப்புக்கொள்ளப்பட்ட பதில். லெக்கோ ஆலை பின்னாளில் மூடப்பட்டது. மோட்டார் சைக்கிள் தொழிலுக்கு அதனால் ஏற்பட்ட நஷ்டத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

எரித்த குழலை ஒழுங்காகத் திரும்ப மாட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. மாட்டாமல் ஓட்டினால் சத்தம் நெய்வேலி ஆர்ச் கேட்டிலிருந்து மந்தாரக்குப்பம்வரை கேட்டது. "இப்ப பிக்கப் பாரு!" என்றார்கள். சத்தம் கூடியது உண்மை, வேகம் கூடியதாக நம்பினார்கள். டூ-ஸ்ட்ரோக் சைலன்சர் சும்மா புகைபோக்கி அல்ல. வெளியே ஓடும் புகையின் அழுத்த அலையை நேரம் பார்த்துத் திருப்பியடித்து, தப்பி ஓடும் புதுப் பெட்ரோல் கலவையை சிலிண்டருக்குள் தள்ளிவிடும் வேலை அதற்கு. 1950களில் இதைச் செதுக்கியெடுத்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனிக்காரர் வால்ட்டர் காடன். அதே கம்பெனியின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், நெய்வேலியில் கரி தென்பட்டதற்கு அடுத்த மாதம், 1961 செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்தின்போது கம்பி நீட்டினார். ரகசியம் சுசூகிக்குப் போனது. மறு வருஷமே அவர் சுசூகிக்காக 50 சி.சி. உலகப் பட்டம் வென்றார். ஒரு மனிதன் நாட்டைவிட்டே ஓடிக் கடத்திய குழாயில், நம் பையன்கள் ஆக்ஸா பிளேடை வைத்தார்கள்.

இவர்களை இப்போது சட்டம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பல ஊர்களில் போலீசார் சத்தக்கார சைலன்சர்களைப் பறித்து, சாலையில் வரிசையாக அடுக்கி, ரோட் ரோலர் ஏற்றுகிறார்கள். கைக்குழந்தையைத் தூங்க வைத்த தாய்மார்கள் சார்பில் அதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலுக்குப் போலீஸ் வருவது புதிதல்ல.

ஜெர்மனியின் கான்ஸ்டாட்டில் 1880களில் காட்லீப் டெய்ம்லர் தன் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில், கூட்டாளி மைபாக்கைச் சேர்த்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். தோட்டக்காரனுக்குச் சந்தேகம், கள்ளக் காசு அடிக்கிறார்கள் என்று. போலீசில் சொன்னான். போலீஸ் வந்து சோதனை போட்டது. உள்ளே இன்ஜின்தான் இருந்தது, அலுத்துப்போய்த் திரும்பிவிட்டார்கள். 1885ல் அங்கிருந்து வெளியே வந்ததுதான் உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள். மரச்சட்டம், விழாமலிருக்கப் பக்கத்துக்கொன்றாகக் குட்டிச் சக்கரம், அரைக் குதிரைத் திறன். நவம்பரில் மகன் பால் அதில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போனான். பற்றவைக்கும் சூட்டுக்குழாய் சீட்டுக்குக் கீழேயே இருந்ததால் வழியில் சீட் தீப்பிடித்தது.

அந்த வண்டி மட்டும் இன்றைக்கு ஆர்ச் கேட் செக்கிங்கில் சிக்கியிருந்தால், ஓட்டியவனுக்கு வயசு பதினாறு, லைசென்ஸ் இல்லை, ஆர்.சி. இல்லை, சைலன்சர் என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரிவு 52ஐப் போட முடியுமா என்பதில்தான் இன்ஸ்பெக்டருக்குக் குழப்பம் வந்திருக்கும். கம்பெனி சொன்ன அமைப்பு எது என்று கேட்கக் கம்பெனியே இன்னும் ஆரம்பிக்கவில்லை.