தொண்ணூறு நாள் கடனில் ஒரு ஆடு

பலகை விளையாட்டுக்கு நான்கு பேர் வேண்டும். திருப்பூரில் நான்கு பேர் ஒரே சமயத்தில் சும்மா இருப்பது தீபாவளி லீவில்தான் நடக்கும். ஆண்டு முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடும் பனியன் கம்பெனிகள் போனஸ் பட்டுவாடா முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிடும். மதுரை, தேனிப் பக்கத்து டெய்லர்கள் பேருந்து நிலையத்தை நிறைத்துவிட்டு ஊரைக் காலி செய்வார்கள். போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பலாம், பத்து நாளும் ஆகலாம். பக்கத்துக் கம்பெனியில் கூலி கூட என்றால் திரும்பாமலும் போகலாம். மிச்சம் இருப்பது உள்ளூர்க்காரர்கள். ஒரு நூல் ஏஜென்ட், ஒரு மெர்ச்சண்டைசர், ஜாப் ஒர்க்கில் பிரிண்டிங் போடும் ஒருவர், செக்கிங் சூப்பர்வைசர் ஒருவர் என்று கூட்டினால் செட் சேர்ந்துவிடும்.

இவர்கள் ஆடும் நவீன விளையாட்டுகளில் பல ஜெர்மனியில் வளர்ந்த வகையைச் சேர்ந்தவை. அங்கே 1979 முதல் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' என்ற விருது வழங்கி வருகிறார்கள். பழைய வகைக்கு உதாரணம் மோனோபலி. நிலத்தை வளைத்துப்போடுவதன் அநியாயத்தைக் காட்டுவதற்காக எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904இல் காப்புரிமை பெற்ற ஒரு விளையாட்டு, 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் விற்ற மோனோபலியாக மாறி, நிலத்தை வளைத்துப்போடும் பயிற்சியாகவே முடிந்தது. அதன் இந்திய வாரிசுகளான 'பிசினஸ்', 'டிரேட்' அட்டைகளில் பம்பாயை வாங்கித்தான் இன்றைய முதலாளிகள் பலரும் வளர்ந்தார்கள். அந்த ஆட்டத்தில் திவாலானவர் சுவரோரம் உட்கார்ந்து மற்றவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்குத் தனியாக ஒரு விளையாட்டு எதற்கு என்று திருப்பூரில் கேட்பது நியாயம்தான். புதிய வகையில் பெரும்பாலும் யாரையும் நடுவில் வெளியே தள்ளுவதில்லை. தாயக்கட்டைக்கு வேலை குறைவு, பேச்சுக்கு வேலை அதிகம்.

வேறு ஊரில் பெட்டியைத் திறந்ததும் விதிப்புத்தகத்தைத் தேடுவார்கள். இங்கே முதலில் பீஸ் எண்ணுவார்கள். செக்கிங் சூப்பர்வைசர் அட்டை வில்லைகளை ஒவ்வொன்றாக டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருந்தால் சட்டைப்பையிலிருந்து பிசிறு வெட்டும் கத்தரி வெளியே வரும். அச்சு இரண்டு மில்லிமீட்டர் விலகிய சீட்டு செகண்ட்ஸ் என்று தனியே ஒதுக்கப்படும். அது இல்லாமல் ஆட்டமே நடக்காது என்று விளக்கினால் சேர்த்துக்கொள்வார், ஆனால் "பையர் பாத்தா ரிஜெக்ட்" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் சேர்ப்பார். பிறகு கலர்வாரியாகப் பாலிபேக்கில் போடுவது. விதிப்புத்தகம் கடைசியில்தான் வரும், அதையும் மெர்ச்சண்டைசர் ஒருவரே படிப்பார். பையர் அனுப்பும் மெயிலைக் கடைசி வரி வரைக்கும் படித்துப் பழகியவர் கூட்டத்தில் அவர் மட்டும்தான். இதற்குள் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "இதுல தாயம் எங்க போடோணும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வாரம் வழக்கமாக 'கட்டான்' விளையாட்டில் தொடங்கும். கிளாவுஸ் டாய்பர் என்ற ஜெர்மானியர் 1995இல் வெளியிட்டு, அதே ஆண்டு அந்த விருதையும் வாங்கிய விளையாட்டு இது. 19 அறுகோணங்களால் ஆன ஒரு தீவு. அதில் மரம், செங்கல், கம்பளி, கோதுமை, தாது ஆகியவை விளையும். பகடையில் விழும் எண்ணைப் பொறுத்து அவரவர் நிலத்துச் சரக்கு சீட்டாகக் கைக்கு வரும். அதைக்கொண்டு சாலையும் வீடும் கட்டி, முதலில் பத்துப் புள்ளி சேர்ப்பவர் ஜெயித்தவர். யாரிடமும் ஐந்து சரக்கும் சரிவரச் சேராது, ஆகவே மாற்றிக்கொண்டே ஆக வேண்டும். ஆட்டத்தின் உயிர் இந்தப் பண்டமாற்றில் இருக்கிறது, திருப்பூரில் சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கும். கம்பளி லூதியானாவின் சரக்கு என்பதால் அந்தச் சீட்டுக்கு இங்கே மரியாதை குறைவு. அதில் இருக்கும் படத்தைப் பார்த்து எல்லோரும் அதை 'ஆடு' என்றே கூப்பிடுவார்கள்.

விதிப்படி மாற்று கைக்குக் கை நடக்க வேண்டும். நூல், டையிங், பிரிண்டிங், அட்டைப்பெட்டி எல்லாமே கடனில் நகரும் ஊரில் இந்த விதி யாருக்கும் உறைப்பதில்லை. முதல் சுற்றிலேயே ஒருவர், "ஒரு ஆடு குடு மாப்ள, தொண்ணூறு நாள்ல செட்டில் பண்ணிக்கலாம்" என்பார். ஆடு கைமாறிவிடும். சீட்டுக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு முளைக்கும். நான்காவது சுற்றுக்குள் பலகையில் உள்ள ஆடுகளைவிட நோட்டில் உள்ள ஆடுகள் அதிகம். கடன் கொடுத்தவர் கேட்கும்போது, வாங்கியவர் தனக்கு மூன்றாமவரிடமிருந்து ஒரு செங்கல் வரவேண்டியிருப்பதைச் சொல்லி, அது வந்ததும் தருவதாகச் சொல்வார். நடுவில் நூல் ஏஜென்ட் ஒரு பார்ட்டியின் கோதுமையை இன்னொரு பார்ட்டியின் மரத்தோடு முடித்து வைத்துவிட்டுப் புரோக்கரேஜ் கேட்பார். யாருடைய முறையோ அவரோடு மட்டுமே மற்றவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று மெர்ச்சண்டைசர் விதியை வாசித்துக் காட்டினால், ஏஜென்ட் இல்லாத வியாபாரம் நிலைக்காது என்ற பதில் வரும்.

கூப்பிடும் முறையும் தேவைக்கேற்ப ஏறும். சும்மா இருக்கும்போது 'டேய்', ஒரு மரம் வேண்டுமென்றால் 'மாப்ள', இரண்டு வேண்டுமென்றால் 'பங்காளி'. ஒரே ஒரு செங்கல் கிடைத்தால் பத்தாவது புள்ளி என்ற கட்டத்தில், வயதில் சின்னவரைக்கூட "ஏனுங்ணா, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்ணா" என்பார்கள். இந்த 'ணா'வைக் கேட்டதும் எதிராளிகள் உஷாராகிவிடுவதால், அந்தச் செங்கல் கிடைப்பதே இல்லை.

பகடைக் கூட்டுத்தொகை ஏழு விழுந்தால் திருடன் நகர்வான். அவன் நிற்கும் நிலத்தில் உற்பத்தி கிடையாது. 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் மின்வெட்டில் கம்பெனி நடத்திய ஊர் இது, அதனால் அந்தக் காய்க்கு இங்கே 'கரண்ட் கட்' என்று பெயர். திருடனை விரட்டும் வீரன் சீட்டு 'ஜெனரேட்டர்'. டாய்பர் வைத்த பெயர்களைவிட இவை பொருத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

வாரத்தின் நடுவில், கை பழகிய பிறகு, 'பிராஸ்: லங்காஷயர்' மேசைக்கு வரும். மார்ட்டின் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 2007இல் உருவாக்கியது. தொழிற்புரட்சிக் கால லங்காஷயரில் பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், துறைமுகம் கட்டி, முதலில் கால்வாயாலும் பிறகு ரயிலாலும் அவற்றை இணைக்க வேண்டும். 1920களில் கதருக்குப் பேர்போன ஊரில், 1932 ஜனவரியில் கொடியோடு தடியடி பட்டு உயிர்விட்ட குமரனின் நினைவகத்துக்குச் சற்றுத் தூரத்தில், நான்கு பேர் லங்காஷயர் மில் முதலாளிகளாக உட்காருவது வேடிக்கைதான். ஆடுபவர்கள் யாருக்கும் அது தோன்றுவதில்லை. கவனமெல்லாம் மார்க்கெட்டில் இருக்கும்.

இந்த விளையாட்டை விளக்கத் திருப்பூரில் அதிக நேரம் ஆகாது. வெளிநாட்டுச் சந்தையில் துணி விற்க விற்கத் தேவை இறங்கிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தில் அந்தச் சந்தை மூடிவிடும். யாராவது "ஏன் இறங்குது?" என்று கேட்பார்களா என்று மெர்ச்சண்டைசர் காத்திருப்பார். ஒருவரும் கேட்க மாட்டார்கள். இன்னொருவர் சுரங்கத்து நிலக்கரியைக் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், எடுத்துத் தீர்ந்தால் சுரங்கக்காரருக்கு வருமானம் உயரும். மற்ற ஊரில் மண்டையைக் குழப்பும் இந்த விதி ஜாப் ஒர்க்காரருக்கு உடனே புரிந்துவிடும். மிஷின் சும்மா நிற்பதைவிட யாராவது ஓட்டுவது மேல். ஒரு சுற்றில் குறைவாகச் செலவழித்தவர் அடுத்த சுற்றில் முந்தி ஆடுவார் என்பதையும் யாரும் எதிர்க்கவில்லை.

கடன் விதிதான் எல்லோரையும் திகைக்க வைத்தது. பேங்கில் 30 பவுண்டு வாங்கலாம், அதற்கு ஈடாக வருமானம் கொஞ்சம் இறங்கும். அசலைத் திருப்பவே வேண்டாம். மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிரிண்டிங்காரர் புத்தகத்தை வாங்கித் தானே ஒருமுறை பார்த்தார். அடுத்த சுற்றில் நான்கு பேரும் கடன் வாங்கினார்கள். அதில் மூவருக்கு அப்போது பணமே தேவைப்படவில்லை.

'பேண்டமிக்' பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மேட் லீக்காக் 2008இல் வெளியிட்டது. எல்லோரும் ஒரே அணி, எதிரி நான்கு நோய்கள், பலகையில் சென்னையும் உண்டு. இந்த வகை ஆட்டத்தில் ஒருவரே எல்லோருக்கும் கட்டளையிடும் ஆபத்து உலகம் முழுக்கத் தெரிந்தது. கூட்டத்தில் சூப்பர்வைசர் இருந்தால் அது ஆபத்தாக இல்லாமல் ஏற்பாடாகிவிடும், மற்றவர்கள் டீ குடிக்கலாம். சீட்டுக்கட்டு தீர்வதற்குள் நான்கு மருந்தும் கண்டுபிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. கடைசிச் சீட்டு எடுத்த பிறகும், "ஏர்ல அனுப்பிக்கலாங்களா?" என்று மெர்ச்சண்டைசரைக் கேட்டார்கள். கப்பலைத் தவறவிட்ட சரக்குக்கு ஊரில் இருக்கும் ஒரே வழி அது, செலவு கம்பெனி தலையில். விதிப்புத்தகத்தில் அதற்கு இடமில்லை.

வாரக் கடைசியில் டெய்லர்கள் திரும்பத் தொடங்குவார்கள். கான்ட்ராக்டரின் போன் வந்ததும் பிரிண்டிங்காரர் எழுந்துவிடுவார், ஷிப்மென்ட் தேதி நெருங்கியதால் மெர்ச்சண்டைசர் ஏற்கெனவே போயிருப்பார். நோட்டில் இருந்த ஆட்டுக் கடன்கள் மூன்று டீ, ஒரு பஜ்ஜி பிளேட்டாகக் கழிக்கப்படும். மிஞ்சிய இருவருக்கென்று 'பேட்ச்வொர்க்' இருக்கிறது. ஊவே ரோசன்பெர்க் 2014இல் வெளியிட்ட, இருவர் மட்டும் ஆடும் விளையாட்டு. பட்டனைப் பணமாகக் கொடுத்துத் துணித்துண்டுகளை வாங்கி, ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கொண்ட பலகையை இடைவெளியில்லாமல் நிரப்ப வேண்டும். கட்டிங் மாஸ்டர் தினமும் மேசையில் பார்க்கும் வேலைதான் இது. முடிவில் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு புள்ளி கழியும்.

நூல் ஏஜென்ட் இதை ஏற்கவில்லை. கட்டிங் வேஸ்ட்டை எந்த ஊரில் சும்மா தூக்கிப் போடுகிறார்கள்? மிஷின் துடைக்கவும், பிரித்து மறுபடி நூலாக்கவும் கிலோ கணக்கில் எடைபோட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆகவே காலிக் கட்டத்துக்குப் புள்ளியைக் கழிப்பது தப்பு, அரைப் புள்ளியாவது கூட்ட வேண்டும் என்பது அவர் வாதம். செக்கிங் சூப்பர்வைசர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், ஆனால் வெள்ளை வேஸ்ட்டுக்கும் கலர் வேஸ்ட்டுக்கும் ஒரே விலை போட முடியாது என்றார். ரோசன்பெர்க்கின் விதிப்புத்தகம் இந்த விஷயத்தைத் தொடவே இல்லை.